நர்ஸுகளின் கூந்தலும் நகமும்: விதியும் அதன் காரணமும்

பல சங்கங்களில் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று காரியதரிசியிடத்தும் மற்றொன்று தலைவரிடத்தும் இருக்கும். இருவரும் கூடினாலொழியப் பெட்டி திறவாது. புதிதாய்ச் சேர்ந்த அங்கத்தினர் ஒருவர் இதைக் கண்டால், காரியதரிசியின் நாணயத்தைச் சந்தேகித்தே இவ்வேற்பாடு செய்யப்பட்டதென்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. பெட்டியிலுள்ள பணம் அநேகருடையது. அதைக் காப்பதில் ஒருவருடைய நற்குணத்தை மாத்திரம் நம்பியிருத்தலாகாது என்பதே அவ்விதியின் கருத்து. காரணத்தை அறிந்தவர் விதியை மனமுவந்து அநுசரிப்பர். அறியாதவர் அதை அவமதிப்பென்று கொள்வர். அல்லது காரணம் நீங்கிய பின்னரும் வெறுஞ் சடங்காகப் பற்றிக்கொண்டிருப்பர்.

ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகளின் கூந்தல், நகம், நகை ஆகியவை பற்றி ஏற்பட்டுள்ள விதிகளும் இத்தன்மையனவே. கிராமங்களிலிருந்து அநேக பெண்களும், சில ஆண்பிள்ளைகளும் இத்தொழிலைக் கற்கச் செல்லுகின்றனர். மற்றக் குடும்பத்தாரோ, பிரசவத்திற்கும் நோய்க்கும் அவர்களுடைய கைகளை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகின்றனர். ஆகவே இவ்விதிகள் எவை, எதன் பொருட்டு ஏற்பட்டன, அவற்றுள் எது முக்கியம், எது அவ்வளவு முக்கியமன்று என்பவற்றை அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

1. விதிகள் யாவை?

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி சிறிது வேறுபாடு உண்டாயினும் பொதுவான விதிகள் பின்வருமாறு. கூந்தலைத் தொங்கவிடாமல் கழுத்துப்பட்டைக்கு மேலே நிற்கும்படி கொண்டையாக முடிந்து, வேண்டுமாயின் வலையிட்டுக் கட்டுதல் வேண்டும். வேலை நேரத்தில் பூச்சூடலாகாது. நகங்கள் குட்டையாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். செயற்கை நகம் ஒட்டிக்கொள்ளலாகாது. நகச் சாயமும் கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். தொங்கும் காதணிகளும் நீண்ட சங்கிலிகளும் ஆகா. ஆண் நர்ஸுகள் தலைமயிரைக் குறைத்தும், தாடி வைத்திருப்பின் அதை ஒழுங்குசெய்தும் வரவேண்டும். கடுமையான வாசனைத் திரவியங்களை விலக்கவேண்டும். மூச்சிரைப்பு நோயாளிகளுக்கு அவை துன்பம் தரும்.

பூவையும் வளையலையும் மங்கலச் சின்னங்களாகப் போற்றும் குடும்பங்களில் இவ்விதிகளைக் கேட்டவுடன் மனவருத்தம் உண்டாவது இயல்பே. வெறுங்கையுடன் நிற்கும் பெண்ணைக் கண்டு பாட்டிமார் கலங்குவர். மணமான பெண்ணாயின் கலக்கம் இன்னும் பெரிது. காரணத்தை எடுத்துச் சொல்வோர் இல்லாவிடில், நல்ல மதிப்பெண் பெற்ற பெண்ணின் படிப்பே இக்காரணத்தால் தடைப்படக்கூடும்.

2. கையினால் வந்த மரணம்

இவ்விதிகளின் வேரை அறிய, ஐரோப்பாவிலுள்ள வியன்னா நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பார்க்கவேண்டும். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் டாக்டர்களும் வைத்திய மாணாக்கர்களும் பிரசவம் பார்த்தனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பார்த்தனர். 1846ஆம் வருஷத்தில் முதற்பிரிவில் பிரசவித்த தாய்மாருள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இறந்தனர். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 3 பேர்கூட இறக்கவில்லை. படித்த டாக்டர்கள் கைபட்ட இடத்தில் சாவு மிகுதியாகவும், மருத்துவச்சிகள் கைபட்ட இடத்தில் குறைவாகவும் இருந்தது. கர்ப்பிணிகள் முதற்பிரிவில் தங்களைச் சேர்க்க வேண்டாமென்று அழுது மன்றாடினர்.

அங்கு வேலைபார்த்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரி தேசத்து டாக்டர் இதன் காரணத்தை ஆராய்ந்தார். முதற்பிரிவினர் பிணங்களை அறுத்துப் பரிசோதித்துவிட்டு, அதே கையோடு பிரசவ அறைக்கு வந்தனர். மருத்துவச்சிகளுக்குப் பிண பரிசோதனை வேலை இல்லை. இவ்வேற்றுமையைக் கண்ட அவர், 1847ஆம் வருஷம் மே மாதத்தில், ஒவ்வொருவரும் குளோரின் ஏற்றிய சுண்ணாம்பு நீரில், அதாவது பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில், கைகழுவிய பின்னரே தாயைத் தொடவேண்டுமென்று விதித்தார். அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 பேர் இறந்தனர். ஜூன் மாதத்தில் அது நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கிற்று. மருந்து மாறவில்லை, கட்டிடம் மாறவில்லை, கை மாத்திரமே சுத்தமாயிற்று.

ஆயினும் பெரிய டாக்டர்களுள் அநேகர் இதை ஏற்கவில்லை. செம்மல்வைஸ் 1865ஆம் வருஷத்தில் காலமானார். 1879ஆம் வருஷத்தில் லூயி பாஸ்டியர் பிரசவ ஜுரம் கண்ட தாய்மாரிடத்தில் சங்கிலி போன்ற கிருமியைக் காட்டிய பின்னரே அவர் செய்ததன் உண்மை நன்கு விளங்கிற்று.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் மனத்திற்கொள்ளத்தக்கன. முதலாவது, நோயாளிக்கு ஆபத்து வரும் பிரதான வழி சிகிச்சை செய்பவரின் கை. இரண்டாவது, இவ்விதி நர்ஸுகளுக்கு மாத்திரம் உரியதன்று. அக்காலத்தில் மருத்துவச்சியைக் காட்டிலும் டாக்டரின் கையே கொடியதாயிருந்தது. ஆகையால் எவ்வளவு உயர்ந்த உத்தியோகஸ்தராயினும் நோயாளியைத் தொடுபவர் யாவரும் இவ்விதிக்கு உட்பட்டவரே.

3. நகமும் மோதிரமும்

கையைக் கழுவுதல் என்பது எளிய காரியம்போலத் தோன்றும். ஆனால் நீரும் சோப்பும் எட்டாத இடங்கள் கையில் உண்டு. அவற்றுள் முதன்மையானது நகத்தின் அடிப்புறம். கையில் வாழும் கிருமிகளுள் பெரும்பகுதி அங்கேதான் தங்குகிறது. பால் சங்கத்து அங்கத்தினர் இதைத் தம் அநுபவத்தால் உணர்வர். கறப்பவர் நகத்தை வெட்டிக் கையைக் கழுவி, மடியையும் கழுவித் துடைத்த பின்னரே கறக்கவேண்டுமென்பதற்கும் இதுவே காரணம். பால் கெட்டால் சங்கத்திற்கு நஷ்டம். காயம் கெட்டால் உயிருக்கே நஷ்டம்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தில், பச்சிளங் குழந்தைகளுக்குரிய தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில், 1997ஆம் வருஷத் தொடக்கம் முதல் 1998ஆம் வருஷம் மார்ச் மாதம் வரை சூடோமோனாஸ் என்னும் கிருமி பரவிற்று. சேர்க்கப்பட்ட 439 குழந்தைகளுள் 46 குழந்தைகளை அது பற்றியது. அவர்களுள் 16 குழந்தைகள் இறந்தன. ஆராய்ந்தோர் நர்ஸுகளின் கைகளைச் சோதித்தபோது, நீண்ட இயற்கை நகம் வளர்த்த ஒருவரிடத்தும், நீண்ட செயற்கை நகம் ஒட்டியிருந்த மற்றொருவரிடத்தும் அக்கிருமி காணப்பட்டது. நோய் பரவியதோடு இவ்விருவருடைய கைகளுக்கும் தொடர்பிருந்ததாகக் கணக்கு காட்டிற்று. எல்லா மரணங்களுக்கும் நகமே காரணமென்று அவர்கள் சொல்லவில்லை; அது ஒரு காரணமாயிருந்திருக்கலாமென்றே சொன்னார்கள். ஆயினும் கைப்பிடியளவு உடலோடு பிறந்த குழந்தையின் முன்னே அந்த ‘இருக்கலாம்’ என்பதே போதிய எச்சரிக்கையாகும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2009ஆம் வருஷத்தில் வெளியிட்ட கை சுத்த விதிகளில், நோயாளிகளை நேரே தொடுபவர் செயற்கை நகம் அணியலாகாதென்றும், இயற்கை நகத்தின் நுனி அரை சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டுமென்றும் கூறிற்று. நகச் சாயத்தைப் பொறுத்தவரை, அது உதிர்ந்து வெடித்தபோது அவ்வெடிப்புகளில் கிருமி தங்கும். மோதிரத்தின் அடியிலுள்ள தோலில் மற்ற இடத்தைக் காட்டிலும் கிருமிகள் மிகுதியாயிருப்பதும் பரிசோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. வளையலும் கைக்கடிகாரமும் மணிக்கட்டை நன்றாகக் கழுவவொட்டாமல் தடுக்கும். கண்ணாடி வளையலாயின் உடைந்து குழந்தையைக் கீறும் அபாயமும் உண்டு.

இங்கிலாந்தின் சுகாதார இலாகா 2007ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், நோயாளியைத் தொடும்போது முழங்கைக்குக் கீழே சட்டைக்கையோ நகையோ கடிகாரமோ இருத்தலாகாது என்னும் ஏற்பாட்டை அறிவித்தது. வேலைப்பாடில்லாத கலியாண மோதிரம் ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இது நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் ஒன்றுபோலவே விதிக்கப்பட்டது. டாக்டர்கள் பெருமையாக அணிந்துவந்த நீண்ட வெள்ளைக் கோட்டும் இதனால் நோயாளியின் படுக்கையருகிலிருந்து நீங்கிற்று.

4. கூந்தலைக் கட்டுவது ஏன்?

நீண்ட கூந்தல் அசுத்தமானதன்று. அதை வெட்டவேண்டுமென்று எந்த நல்ல ஆஸ்பத்திரியும் பெண்களைக் கேட்பதில்லை. கட்டவேண்டுமென்றே கேட்கிறது. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது காரணம் கையையே பற்றியது. முகத்தில் விழும் மயிரைக் கை தன்னையறியாமல் ஒதுக்கும். பின்னல் முன்னே சரிந்தால் கை அதைப் பின்னே எறியும். கழுவிய கை இவ்வாறு கூந்தலைத் தொட்டுவிட்டுக் காயத்திற்குப் போகுமாயின், கழுவியதன் பயன் போயிற்று. எண்ணெய் தடவிய கூந்தலாயின் தூசியும் அதிகம் ஒட்டும்.

இரண்டாவது, மனிதர் தலையிலிருந்து நாள்தோறும் 50 முதல் 100 வரை மயிர் உதிர்வது இயல்பு. கட்டாத கூந்தலிலிருந்து அவை படுக்கையிலும் மருந்துத் தட்டிலும் விழும். ரண சிகிச்சை அறையில் இது மிகவும் கவனிக்கத்தக்கது. 1973ஆம் வருஷத்தில் வெளியான ஒரு வைத்திய அறிக்கை, ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சைக்குப்பின் காயங்கள் சீழ்பிடித்த இரண்டு சந்தர்ப்பங்களுக்கு, அங்கு வேலைபார்த்தவர்களின் தலைமயிரில் தங்கியிருந்த கிருமியே மூலமென்று காட்டிற்று. ஆகையால் அவ்வறையில் ஆண் பெண் என்ற பேதமின்றி யாவரும் தலைமயிர் முழுவதையும் மூடிக்கொள்வது வழக்கம்.

மூன்றாவது காரணம் நர்ஸின் சொந்தப் பாதுகாப்பு. ஜன்னி கண்ட நோயாளியும், மயக்கம் தெளிந்துவரும் நோயாளியும் கைக்கெட்டியதைப் பிடித்திழுப்பர். தொங்கும் பின்னல், நீண்ட சங்கிலி, ஆடும் காதணி ஆகியவை பிடிக்கு எளிதில் அகப்படும். காது கிழிந்தாலும் கழுத்து இறுகினாலும் துன்பப்படுவது நர்ஸே.

ஆயினும் இங்கே நியாயமான அளவு ஒன்று உண்டு. கை சுத்தத்தினால் உயிர்கள் காக்கப்படுகின்றன என்பதற்கு ஏராளமான அத்தாட்சி உண்டு. ரண சிகிச்சை அறைக்கு வெளியே, கூந்தலின் அமைப்பினால் மாத்திரம் நோய் பரவுகிறதென்பதற்கு அத்தகைய பலமான அத்தாட்சி கிடையாது. ஆகவே கொண்டையில் ஒரு மயிர் கலைந்ததற்காக நர்ஸைக் கடிந்துவிட்டு, கைகழுவாமல் படுக்கைக்குப் படுக்கை செல்பவரைக் கவனியாது விடும் மேற்பார்வை, சில்லறைச் செலவுச் சீட்டைத் துருவிப் பார்த்துவிட்டுப் பெருங்கடன் பத்திரத்தைப் பாராமல் விட்ட தணிக்கையை ஒக்கும்.

5. காரணமற்ற விதிகள்

நர்ஸுகளின் தோற்றம் பற்றிய விதிகள் யாவும் சுகாதாரத்தினின்று பிறந்தவை அல்ல. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் ராணுவ நர்ஸுகளுக்குத் தலைவியாயிருந்த டொராதியா டிக்ஸ் என்னும் அம்மையார், 1862ஆம் வருஷத்தில், 35 முதல் 50 வயதுக்கு உட்பட்ட பெண்களையே தேர்ந்தெடுத்தார். ஆடை பழுப்பு, சாம்பல் அல்லது கறுப்பு நிறமாயிருக்க வேண்டும். சுருட்டிவிட்ட கூந்தல், நாடா முடிச்சு, நகை எதுவும் ஆகாது என்றார். கிருமிகளைப் பற்றிய அறிவு அப்போது பரவவில்லை. போர்வீரர் நடுவே வேலைசெய்யும் பெண்களைப் பற்றி உலகம் பழி பேசலாகாது என்பதே அவருடைய முதற்கவலை. மானத்தைக் காக்க ஏற்பட்ட விதியும் நோயைத் தடுக்க ஏற்பட்ட விதியும் இவ்வாறு ஒன்றாய்க் கலந்து வந்தன. நர்ஸின் அலங்காரத்தை அவளுடைய நடத்தைக்கு அளவுகோலாகக் கொள்ளும் தவறான எண்ணத்திற்கு இக்கலப்பே ஒரு காரணம்.

தலையில் அணிந்த வெள்ளைத் தொப்பியின் கதையும் இத்தகையதே. முன்னாளில் அது கூந்தலை மூடும் துணியாயிருந்தது. நாளடைவில் கஞ்சியிட்டு மடித்த சிறு சின்னமாகி, உச்சந்தலையில் ஊசிகொண்டு குத்தப்பட்டது. அது கூந்தலை மூடவுமில்லை. உடையைப்போல் நாள்தோறும் வெளுக்கப்படவுமில்லை. திரைகளிலும் குழாய்களிலும் மாட்டிக்கொண்டது. காரணம் நீங்கியது கண்டு, 1970க்குப் பிந்திய வருஷங்களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாய் அதைக் கைவிட்டன. அதனால் நர்ஸுகளின் மதிப்பு குறையவில்லை. நோயாளிக்குத் தீங்கும் நேரவில்லை.

6. வழக்கத்திற்கும் இடம் உண்டு

விதியின் காரணம் தெரிந்தால், காரணத்தைக் கெடுக்காமல் வழக்கத்திற்கு இடமளிப்பதும் எளிதாகும். சீக்கியர் தம் சமய முறைப்படி கையில் இரும்புக் காப்பு அணிவர். இங்கிலாந்தில் 2010ஆம் வருஷத்தில் திருத்தி வெளியிட்ட விதிகள், நோயாளியைத் தொடும்போது காப்பை முழங்கைப் பக்கம் மேலேற்றி நழுவாமல் நிறுத்திக்கொள்ள இடமளித்தன. சமய காரணத்தால் கையை மூட விரும்பும் பெண்களுக்கு, ஒருமுறை அணிந்து எறியத்தக்க கையுறைச் சட்டைகள் அநுமதிக்கப்பட்டன. அமெரிக்காவில் ஆபிரிக்க வம்சத்துப் பெண்களின் இயற்கையான சுருள்மயிரும் நெருங்கிய பின்னல்களும் ‘ஒழுங்கற்றவை’ என்று வேலை ஸ்தலங்களில் தள்ளப்பட்டு வந்தன. 2019ஆம் வருஷத்தில் கலிபோர்னியா ராஜ்யம் அவ்வாறு பேதம் காட்டுவதைத் தடுத்துச் சட்டம் இயற்றிற்று. எவ்வகை மயிராயினும் ஒழுங்காகக் கட்டியிருந்தால் சுகாதாரத்தின் தேவை நிறைவேறிவிடும். நேராய்ப் படிந்த மயிர்தான் வேண்டுமென்பது சுகாதாரமன்று.

நம் குடும்பங்களுக்கும் இதே வழி உண்டு. தாலியை ரவிக்கைக்குள் மறைத்து அணியலாம். நெற்றிப் பொட்டினாலும் மெட்டியினாலும் நோயாளிக்குத் தீங்கில்லை. பூவை வேலை முடிந்து வீடு திரும்பிய பின் சூடலாம். வளையலை வேலை நேரத்திற்கு மாத்திரம் கழற்றுவது அமங்கலமாகாது. மாவு பிசையும்போதும் இட்லிக்கு அரைக்கும்போதும் வளையலை மேலேற்றிக்கொள்ளும் கை, பிறந்த குழந்தையை ஏந்தும்போது கழற்றி வைப்பதில் என்ன குறை?

7. அங்கத்தினர் செய்யத்தக்கவை

(அ) நர்ஸ் தொழிலுக்குப் பெண்ணை அனுப்பும் குடும்பம் இவ்விதிகளை முன்னரே அறிந்து, மனநிறைவோடு அவளை அனுப்புக. சென்னை மாகாணத்தில் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவுசெய்யச் சட்டம் ஏற்பட்டது 1926ஆம் வருஷத்தில். தேசமெங்கும் பயிற்சி ஒரே தரமாயிருக்கும்பொருட்டு இந்திய நர்ஸிங் கௌன்சில் சட்டம் இயற்றப்பட்டது 1947ஆம் வருஷத்தில். இத்தொழில் பயிற்சியும் பதிவும் உள்ள கௌரவமான தொழில். அதன் விதிகள் பெண்ணைச் சிறுமைப்படுத்த ஏற்பட்டவை அல்ல.

(ஆ) நோயாளிக்குத் துணையாய்ச் செல்பவரும் நகத்தை வெட்டிக் கையைக் கழுவிக்கொண்டு செல்க. நர்ஸ் விரலில் மோதிரமின்றி ஏந்திய குழந்தையை, பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு உறவினர் பத்துப் பேர் வாங்கிக் கொஞ்சுவார்களாயின் விதியின் பயன் பாழாகும். சோப்பினால் கழுவுவதற்கு 40 முதல் 60 விநாடி வேண்டும். கை மருந்து தேய்ப்பதற்கு 20 முதல் 30 விநாடி போதும்.

(இ) தொடுமுன் கைகழுவும்படி நர்ஸையோ டாக்டரையோ மரியாதையாகக் கேட்பது குற்றமன்று. “அம்மா, கை கழுவியாயிற்றா?” என்று தாழ்மையாய்க் கேட்பதில் அவமதிப்பு ஏதுமில்லை. கேட்கும் நோயாளி தம்மையும் காத்து, அடுத்த படுக்கையிலிருப்பவரையும் காக்கிறார்.

(ஈ) ஊரின் துணை சுகாதார நிலையத்தில் குழாய், தண்ணீர், சோப்பு ஆகியவை எப்போதும் உள்ளனவா என்று கவனித்து, இல்லாவிடில் பஞ்சாயத்தின் கவனத்திற்குக் கொண்டுவருக. தண்ணீரில்லாத இடத்தில் நகத்தை வெட்டும்படியும் கூந்தலை முடியும்படியும் மட்டும் நர்ஸுக்கு விதிப்பது, விதையில்லாமல் நிலத்தை உழச்சொல்வது போலாம். நர்ஸ் தன் பங்கைச் செய்ய, ஊர் தன் பங்கைச் செய்யவேண்டும்.

பாடச் சுருக்கம்

நோயாளியிடம் கிருமி செல்லும் முக்கிய வழி கை. ஆகையால் விதிகளுள் முதலிடம் கைகழுவுதலுக்கு. அடுத்தது குட்டை நகம். அதன்பின் மோதிரமும் வளையலும் நீக்குதல். அதன்பின் கூந்தலைக் கட்டுதல். நோயாளியைக் காக்கும் விதியை டாக்டர், நர்ஸ், உறவினர் யாவரும் அநுசரிக்க வேண்டும். நோயாளியைக் காவாத விதியைத் தளர்த்தலாம். ஒரு பெண்ணின் நடத்தையை அவளுடைய கொண்டையைக் கொண்டு அளக்கலாகாது.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. வியன்னா ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிகளின் பிரிவில் சாவு குறைந்திருந்தது ஏன்?

2. நகத்தைப் பற்றிய விதிக்கும் கறவைக்காரருக்குரிய விதிக்கும் உள்ள ஒற்றுமை யாது?

3. கூந்தலைக் கட்டுவதற்குரிய மூன்று காரணங்களைக் கூறுக.

4. நர்ஸுகளின் தொப்பி கைவிடப்பட்டது எதனால்? நம் ஊரில் காரணம் நீங்கிய பின்னும் நடந்துவரும் வழக்கம் ஏதேனும் உண்டா?

5. இவ்வூர்த் துணை சுகாதார நிலையத்தில் கைகழுவத் தண்ணீரும் சோப்பும் உள்ளனவா? இல்லையாயின் அதைப் பெறச் சங்கம் செய்யத்தக்கது யாது?